கிடாக்கள் எங்கே போகின்றன?

விலை உயர்ந்த கம்பளி ஆடைகளில் ‘பேபி ஆல்பாக்கா’ என்று ஒரு சீட்டு தொங்கும். குட்டியின் உடம்பில் கத்தரித்த மயிர் என்றுதான் வாங்குபவர் நினைத்துக்கொள்வார். அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இழையின் பருமன் ஏறத்தாழ 22 மைக்ரானுக்குள் இருந்தால் அதற்கு அந்தப் பெயர். வளர்ந்த விலங்கின் முதுகிலிருந்தும் அது கிடைக்கும். ஆனாலும் பெயர் முழுப் பொய்யில்லை. ஆல்பாக்கா என்ற தென் அமெரிக்க மலை விலங்குக்கு வயது ஏற ஏற இழை தடித்துக்கொண்டே போகும். முதல் இரண்டு மூன்று கத்தரிப்பில் வருவதுதான் ஆக மென்மையானது. அதற்குப் பிறகு ஸ்வெட்டருக்கு ஆனது கோட்டுத் துணிக்குப் போகும், கோட்டுக்கு ஆனது கம்பளத்துக்குப் போகும். விலங்கோ 15, 20 ஆண்டு வாழக்கூடியது. மயிர் தடித்த பிறகு மிச்சமிருக்கிற காலத்துக்கு அதற்கு யார் புல் போடுகிறார்கள் என்று சீட்டில் எழுதியிருக்காது.

மயிருக்காக வளர்க்கும் ஆல்பாக்காவைக் கறிக்கும் வளர்க்கலாமா என்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பண்ணைக்காரர்கள் வெகுகாலமாக வாதிட்டு வருகிறார்கள். ஆண்டிஸ் மலையில் ஓர் ஆல்பாக்கா மேய்ப்பரிடம் இதைக் கேட்டால் கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருக்கும். உலகின் ஆல்பாக்காக்களில் மிகப் பெரும் பங்கு பெருவில்தான் இருக்கிறது. 2012-இல் அங்கே எடுத்த விவசாயக் கணக்கெடுப்பில் சுமார் 36 லட்சம். புனோ, குஸ்கோ, அரெகிப்பா, வாங்காவெலிகா மலைப்பகுதிகளில், 4,000 மீட்டருக்கும் மேலே, பெரும்பாலும் கெச்சுவா, அய்மாரா மொழி பேசும் குடும்பங்கள் சிறு மந்தைகளாக வைத்திருப்பவை அவை. அந்த ஒவ்வொரு மந்தையும் மயிருக்கும் கறிக்குமாகத்தான் இருக்கிறது.

தொல்லியலைப் பார்த்தால் வரிசையே தலைகீழ். பெருவின் ஹூனின் மேட்டுநிலத்தில் தெலர்மச்சாய் என்ற பாறைக்குகையில் கிடைத்த எலும்புகளை வைத்து, 6,000 ஆண்டுகளுக்கும் முன்பே விகுன்யா என்ற காட்டு விலங்கை மனிதர்கள் பழக்கி ஆல்பாக்காவாக்கத் தொடங்கினார்கள் என்று கணிக்கிறார்கள். விகுன்யாதான் மூதாதை என்பதை 2001-இல் வந்த மரபணு ஆய்வு உறுதிசெய்தது. அந்தக் குகையில் கிடைப்பவை வேட்டைக்காரர்களும் மேய்ப்பர்களும் தின்று போட்ட எலும்புகள். அடுப்புக்கு வந்த விலங்கு தறிக்கு வந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. தென்பெருவின் எல் யரால் என்ற இடத்தில் வீட்டுத் தரைக்கடியில் புதைத்த ஆல்பாக்கா உடல்களும் அதன் உறவினமான லாமா உடல்களும் வறண்ட மண்ணில் கெடாமல் கிடைத்தன. ஏறக்குறைய 1,000 ஆண்டு பழையவை. ஜேன் வீலர் என்ற ஆய்வாளர் அவற்றின் மயிரை அளந்தபோது இன்றைய ஆல்பாக்காக்களைவிட மென்மையாகவும் ஒரே சீராகவும் இருந்தது. அத்தனை நுட்பமாக மயிரைப் பேணி வளர்த்தவர்கள்தான் அவற்றைப் பலியும் கொடுத்திருக்கிறார்கள். அக்கறையும் கத்தியும் ஒரே கையில் இருந்தன. நவீன மனதுக்கு இடறுகிற இடம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 பெட்டை, 1 கிடா. சினைக்காலம் பதினொன்றரை மாதம், ஈற்றுக்கு ஒரு குட்டி. நோயில்லை, சாவில்லை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 20 குட்டி. அதில் 10 கிடா. 20 பெட்டைக்கு ஒரு கிடா போதும். ஆகப் பிறக்கிற கிடாக்களில் அநேகமாக எல்லாமே இனப்பெருக்கத்துக்கு உபரி. அந்த முதல் 20 பெட்டைகள் மட்டும் 10 ஆண்டில் 100 கிடாக்களை ஈன்றிருக்கும்; அவை ஈன்ற பெட்டைகள் ஈன்றது தனி. காயடித்து மயிருக்கு வைத்துக்கொள்ளலாமே என்றால், வைத்துக்கொள்ளலாம், புல் இருக்கும் வரை. ஒரு கட்டத்தில் மேய்ச்சல் நிலம் போதாது. அப்போது மந்தையைக் குறைத்தே ஆக வேண்டும். குறைப்பதற்கு மூன்று வழிதான்: ஈனவிடாமல் நிறுத்துவது, வேறு யாரிடமாவது தள்ளிவிடுவது, அறுப்பது.

பாலுக்குத்தான் மாடு, கறிக்கில்லை என்று சொல்லும் நம் வீடுகளுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. காளைக்கன்று எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் நேரத்தில் வீட்டுக்காரர் வாசலில் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

ஆண்டிஸில் இந்தக் கணக்கின் ஒரு பகுதியைக் குளிரே போட்டுவிடுகிறது. உறைபனிக் காலத்தில் குட்டிகள் கொத்துக்கொத்தாகச் சாகும். தப்பியவற்றில் பலவற்றை வயிற்றுப்போக்கு கொண்டுபோகும். எஞ்சியதில் மேய்ப்பர் கழிக்கிறார். பல்லுதிர்ந்த கிழடு, மலட்டுப் பெட்டை, மயிர் தடித்த கிடா, இவை முதலில். அந்த உயரத்தில் பயிர் விளையாது. கசப்பு உருளைக்கிழங்குகூட ஒரு மட்டத்துக்கு மேல் ஏறுவதில்லை. உள்ளது கரடுமுரடான புல்லும், போஃபெதால் எனப்படும் சதுப்புப் புல்வெளியும். அந்தப் புல்லை மனிதன் தின்னக்கூடிய ஒன்றாக மாற்றித்தருவது அங்கே இந்த விலங்கினம்தான். ஆல்பாக்காவின் பாதத்தில் ஆட்டைப்போல் கூரிய குளம்பு கிடையாது. மெத்தைபோன்ற அடிப்பாதம் ஈரமண்ணைக் கிழிக்காது. ‘தானியம் சாப்பிடலாமே’ என்று சமவெளியில் உட்கார்ந்து சொல்லும் அறிவுரை 4,500 மீட்டரில் எடுபடாது. அங்கே தானியம் வருவதே கறியையும் மயிரையும் கீழே கொண்டுபோய் மாற்றுவதால்தான்.

அறுத்த விலங்கில் வீணாகப் போவது மிகக் குறைவு. தோல் படுக்கைக்கு, சாணம் அடுப்புக்கு, குடல் வாணலிக்கு. ஜூன், ஜூலையில் இரவு உறைபனியும் பகலில் சுள்ளென்ற வெயிலும் இருக்கும். அப்போது கறியை மெல்லிசாகக் கீறி, உப்புத் தடவி, இரவில் உறையவிட்டுப் பகலில் காயவைப்பார்கள். கெச்சுவாவில் இதற்குச் ‘சார்க்கி’ என்று பெயர். ஆங்கிலத்தின் ‘ஜெர்க்கி’ இதிலிருந்து வந்தது. நம் ஊர் உப்புக்கண்டம்தான், வெயிலுக்குத் துணையாகப் பனியும் சேர்ந்துகொண்டது.

மேய்ப்பர்கள் தங்கள் செயலுக்கு வைத்திருக்கும் அறம் கொஞ்சம் வேறு வகையானது. ஹோர்ஹே புளோரெஸ் ஓச்சோவா போன்ற மானுடவியலாளர்கள் 1960-களிலிருந்து இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆல்பாக்கா மனிதனுக்குச் சொந்தமில்லை. பூமித்தாயான பச்சமாமாவும் மலைத் தெய்வங்களும் இரவலாகக் கொடுத்தது. கொடுமை செய்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ‘இல்யா’ என்ற சின்னஞ்சிறு கல் உருவங்களை வீட்டில் துணியில் பொதிந்து வைத்திருப்பார்கள். மந்தையின் உயிர்ச்சத்து அதில் இருப்பதாக நம்பிக்கை. விழா நாளில் விலங்குகளின் காதில் வண்ண நூல்களைக் கட்டி, சோள மதுவைத் தெளித்து, கோக்கா இலை வைத்து வணங்குவார்கள். கொல்லவே கூடாது என்பதில்லை, கணக்குச் சொல்லாமல் கொல்லக் கூடாது என்பது. இதைக் கேட்டு உருகிவிடவும் வேண்டாம். சடங்கு இருக்கும் இடத்தில் வலி குறைந்துவிடும் என்று எந்த நியதியும் இல்லை.

அந்த வலியைச் சற்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆண்டிஸில் வழக்கமாக இருந்துவரும் ஒரு முறை, சிறு கத்தியைப் பிடரியில் இறக்கித் தண்டுவடத்தை அறுப்பது. விலங்கு அப்படியே மடிந்து விழும்; பார்ப்பவருக்கு உயிர் போய்விட்டது போலத் தெரியும். பொலிவியாவில் இந்த முறையில் லாமாக்களை அறுப்பதை ஆராய்ந்து 2009-இல் வந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. பல விலங்குகளுக்கு ஒரு குத்து போதவில்லை. விழுந்து கிடந்தவற்றில் மூச்சு சீராக ஓடிக்கொண்டிருந்தது, கண் அசைந்தது. உடல் செயலிழந்திருக்கிறதே தவிர உணர்வு போகவில்லை என்பதற்கு அவை அடையாளம். கறிக்கு வளர்க்கலாமா என்ற பெரிய கேள்வியில் ஊறிக்கிடப்பவர்கள் இந்தச் சின்னக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் மயக்கி, பிறகு அறுக்கும் வசதியுள்ள கூடம் மந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? பெரும்பாலான மேட்டுநில ஊர்களுக்கு அது வாய்க்கவில்லை. ஆல்பாக்காவைப் பொறுத்தவரை தத்துவ நூல்கள் அத்தனையையும்விட அந்தக் கூடம் முக்கியம்.

இனி பணம். ஓர் ஆல்பாக்கா ஆண்டுக்கு ஒருமுறை தருவது சுமார் 2 கிலோ மயிர். அதை இடைத்தரகர் வந்து எடைபோட்டு வாங்கிப் போவார். மென்மைக்கென்று தனி விலை வெகுகாலம் கிடைத்ததே இல்லை. அப்புறம் அது அரெகிப்பாவில் இருக்கும் ஓரிரு பெரிய நிறுவனங்களின் கையில் சேரும். சாயம் ஏற்ற வசதி என்று ஆலைகள் வெள்ளை மயிரையே கேட்டதால், பழுப்பும் கறுப்பும் சாம்பலுமாக இருந்த மந்தைகள் வெளுத்துப்போயின. நிறமுள்ள விலங்கு முதலில் கத்திக்குப் போனது. ‘மயிர்த் தொழில் கொல்லாத தொழில்’ என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எது சாக வேண்டும் என்று தீர்மானித்ததில் நெசவாலைக்கும் பங்குண்டு.

மயிர்ப் பணம் ஆண்டில் ஒரு தடவை வரும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, சாவு வீட்டுச் செலவு எல்லாம் அதற்காகக் காத்திருக்காது. அதற்கு ஒரு கிடாவை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். சந்தையில் இன்னொரு அவமானம் காத்திருக்கும். ஆல்பாக்காத் தசையில் அரிசி மணிபோல வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் தென்படுவதுண்டு. சார்கோசிஸ்டிஸ் என்ற ஒட்டுண்ணியின் வேலை; ஸ்பானிய மொழியில் ‘அர்ரோசியோ’, ‘சிற்றரிசி’ என்று அதற்குப் பேர். மந்தை நாய்க்குப் பச்சைக் கறியைப் போடுவதும், அந்த நாயின் கழிவு புல்லில் கலப்பதுமாக ஒட்டுண்ணியின் சுற்று ஓடுகிறது. கட்டிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர வருடங்கள் ஆகும். ஆக, நாலைந்து கத்தரிப்பு மயிர் கொடுத்துவிட்டு வரும் வயதான விலங்கின் கறிதான் இப்படி அடிமாட்டு விலைக்குப் போகும். நகரத்து மேட்டுக்குடியினர் இந்தக் கறியை ‘இந்தியன் (அதாவது மலைப் பழங்குடி) தின்கிறது’ என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்திருந்தார்கள். இன்று அதே கறி குஸ்கோவில் சுற்றுலாப் பயணிகளின் தட்டில் பழச் சாறு ஊற்றி வருகிறது. கொழுப்புக் குறைவு, புரதம் அதிகம் என்ற பாராட்டோடு.

இங்கேதான் எனக்கு உண்மையான சிக்கல் தெரிகிறது. கறி கட்டியில்லாமல் இளசாக இருக்க வேண்டும் என்றால் ஒன்றரை, இரண்டு வயதில் அறுக்க வேண்டும். மயிரும் அந்த வயதில்தான் ஆக மென்மை. ஆக, ‘மயிருக்கும் கறிக்கும்’ என்ற இரட்டைப் பயனை வியாபாரக் கண்ணோடு மட்டும் பார்த்தால் அது போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: இரண்டு தரம் கத்தரி, பிறகு அறு. இருபது ஆண்டு வாழக்கூடியதற்கு இரண்டு ஆண்டு. மயிரையே முதலாக நினைக்கும் மேய்ப்பர் ஏழெட்டு வயது வரைக்கும் வைத்திருப்பார்; கறி அவருக்குக் கடைசி வரவு. கறி முதல் வரவானால் கணக்கு மாறிவிடும். கறி வியாபாரத்தை வளர்க்கத் துடிப்பவர்கள் இதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை.

அடுத்தது அமெரிக்கக் கதை. 1984-இல் ஆல்பாக்கா அங்கே முதன்முதலாக மொத்தமாக இறங்கியது. 1998-இல் வம்சப் பதிவேட்டில் வெளிநாட்டு விலங்குகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். உள்ளதற்கு மதிப்பு கூடியது. நல்ல பெட்டை ஒன்று ஏலத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போனது. தொலைக்காட்சியில் விளம்பரம்: ஓய்வுபெற்ற தம்பதி, பச்சைப் புல்வெளி, கழுத்தை நீட்டிப் பார்க்கும் செல்லப் பிராணி. அந்த விளம்பரத்தின் சாரம், கொல்லாமல் பண்ணையம் செய்யலாம் என்பது. வருமானம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மயிரிலிருந்து இல்லை. இன்னொரு புதியவருக்குக் குட்டி விற்பதிலிருந்து வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த டினா சைட்டோன், ரிச்சர்ட் செக்ஸ்டன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2005 வாக்கிலேயே இதை எழுதிக் காட்டினார்கள்: மயிரின் வரவு இந்த விலையைத் தாங்காது, இது ஊதிப் பெருக்கிய குமிழி. பண்ணைக்காரர்கள் கோபப்பட்டார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு குமிழி உடைந்தது. பல்லாயிரத்துக்கு வாங்கிய விலங்கைச் சில நூறுக்கும் இனாமாகவும் கொடுக்க ஆளாளுக்கு நின்றார்கள். ஆதரவகங்கள் நிரம்பின. கொல்ல மாட்டோம் என்று ஈனவிட்டவர்கள், கொல்லும் பொறுப்பை முகம் தெரியாத யாருக்கோ தள்ளிவிட்டதுதான் கடைசியில் நடந்தது. மேலே சொன்ன மூன்று வழிகளில் இரண்டாவது இது. மூன்றிலும் மோசமானது என்பது என் எண்ணம்.

ஆஸ்திரேலியாவில் 1980-களின் கடைசியில் ஆல்பாக்கா இறங்கியது. அங்கும் உபரிக் கிடாச் சிக்கல் வந்தது. காயடித்த கிடாக்கள் சிலவற்றுக்குச் செம்மறிக் குட்டிகளை நரியிடமிருந்து காக்கும் காவல் வேலை கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அந்த வேலை இல்லை. ஆக, நியூ சவுத் வேல்ஸில் சிலர் கறி வியாபாரத்தை வெளிப்படையாகவே தொடங்கினார்கள், உணவகங்களும் வாங்கின. மயிர்க்காரர்களில் ஒரு பகுதியினருக்கு இது துரோகமாகப் பட்டது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் கிடாக்கள் எங்கே?

பேர் வைத்த விலங்கைக் கொல்வது எப்படித் தைக்கும் என்பதற்குப் பிரிட்டனில் ஜெரோனிமோ என்ற ஆல்பாக்கா சாட்சி. 2017-இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. காசநோய்ப் பரிசோதனையில் நோய் இருப்பதாக முடிவு வந்தது. நான்கு ஆண்டு வழக்குக்குப் பிறகு 2021 ஆகஸ்ட் 31 அன்று அரசு அதைக் கொன்றது. கொல்ல வேண்டாம் என்ற மனுவில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். அதே காசநோய்க்காக அங்கே ஆண்டுதோறும் பல்லாயிரம் மாடுகளைக் கொல்கிறார்கள். அவற்றின் காதில் இருப்பது எண் மட்டும்.

மயிர் மட்டும் குற்றமற்றதா என்றால் அதுவும் இல்லை. 2020-இல் பீட்டா அமைப்பு பெருவின் ஒரு பெரிய பண்ணையில் கத்தரிப்பைப் படம்பிடித்து வெளியிட்டது. நான்கு காலையும் இழுத்துக் கட்டி, அவசர அவசரமாக மயிரெடுத்து, கிழிந்த தோலைச் சரியான வலிநிவாரணம் இல்லாமல் தைப்பது அதில் தெரிந்தது. யூனிக்லோ, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் உள்ளிட்ட நிறுவனங்கள் ஆல்பாக்காவைக் கைவிடுவதாக அறிவித்தன. மறுவருடம் கத்தரிப்புக்கும் பராமரிப்புக்கும் ஒரு தரச்சான்று வந்தது. புறக்கணிப்பு சரியா தவறா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். படம்பிடித்த கொடுமை உண்மை. அதை மறுத்துப் பயனில்லை. ஆனால் மயிருக்கு விலை இல்லாமல் போனால் அந்த விலங்குகளை யாரும் காட்டில் அவிழ்த்துவிடப் போவதில்லை. கறிக்குத்தான் கூடுதலாகப் போகும். கூடவே மேய்ப்பரின் பிழைப்பும் போகும்.

தத்துவப் புத்தகங்கள் இதில் எவ்வளவு தூரம் உதவும்? பீட்டர் சிங்கர் 1975-இல் எழுதிய ‘அனிமல் லிபரேஷன்’ வலியை அளவுகோலாக வைத்தது. டாம் ரீகன் 1983-இல் இன்னும் ஒரு படி போய், விலங்குக்குத் தன் வாழ்வின்மேல் உரிமை உண்டு, பிறர் பயனுக்கான கருவியாக அதை வைத்திருக்கவே கூடாது என்றார். ரீகன் வழியில் போனால் மயிரும் கூடாது. ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொள்ள இடமில்லை. வள்ளுவர் புலால் மறுத்தலில் வாங்குகிறவனையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார். ஆல்பாக்கா விஷயத்தில் அந்த வாங்குகிறவன் கசாப்புக் கடையில் மட்டும் நிற்பதில்லை, துணிக்கடையிலும் நிற்கிறான்.

கொல்லாமல் மயிரெடுக்கும் வழி ஒன்று உண்மையிலேயே உண்டு. அதுவும் அதே மலையில். விகுன்யா 1960-களில் பெருவில் பத்தாயிரத்துக்கும் கீழே சரிந்திருந்தது. கம்பளிக்காகச் சுட்டே தீர்த்திருந்தார்கள். 1967-இல் பம்பா கலேராஸ் காப்பிடம் வந்தது. 2012-இல் எண்ணியபோது இரண்டு லட்சத்துக்கும் மேல். ஊரார் நூற்றுக்கணக்கில் கைகோத்துக் கயிறும் வண்ணத் துணியுமாக வளைத்து, மந்தையை ஒரு பட்டிக்குள் ஓட்டி, கத்தரித்துவிட்டுத் திரும்ப மலைக்கே விடுகிறார்கள். இந்த வளைப்புக்குச் ‘சாக்கு’ என்பது இன்கா காலத்துப் பெயர். கிடைப்பது ஒரு விலங்குக்கு 200 கிராம் சொச்சம், அதுவும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. கொல்லாத மயிரின் அளவு அவ்வளவுதான். விலையும் அதற்கேற்றபடி. விகுன்யாவுக்கு உபரிக் கிடா என்ற பிரச்சினை இல்லை. பூமாவும் பனியும் பார்த்துக்கொள்கின்றன. மனிதன் ஈனவைக்கும் விலங்குக்கு மனிதன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈனவைப்பவருக்குக் கறி வேண்டாம் என்று சொல்லும் தகுதி இல்லை என்பதுதான் என் முடிவு. கறி வேண்டாம் என்பவர் ஈனவிடக் கூடாது. காயடித்த நாலு கிடாவை வாங்கி, சாகும்வரை வைத்திருந்து, மயிரெடுத்து நூற்றுக்கொள்பவர் இருக்கிறார். அவர் கை சுத்தம். ஆண்டுதோறும் குட்டி விற்றுக்கொண்டே தன் பண்ணையில் சாவில்லை என்பவரைவிட, கிழட்டுக் கிடாவைத் தன் முற்றத்திலேயே அறுத்து உப்பிட்டு வைக்கும் புனோ மேய்ப்பர் நேர்மையானவர். அவரிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டியது இரண்டு: பிடரிக் கத்தியை விட்டுவிடுவது, இரண்டு வயதில் அறுக்கும் ஆசைக்கு ஆட்படாமல் இருப்பது. முதலாவதற்குக் கூடம் கட்டித்தர வேண்டியது பெரு அரசு. இரண்டாவதற்கு மயிருக்குச் சரியான விலை தர வேண்டியது அரெகிப்பாவும், அதற்கு அப்பால் நாமும்.

அடுத்த தடவை அந்தச் சீட்டு தொங்கும் ஆடையைக் கையில் எடுத்தால், எத்தனை மைக்ரான் என்று கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். கிடாக்களை என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டு சொல்லும்படி அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.